மண் அண்ணனின் மனு

அவள் மண்ணில் சிலை செய்து சுடுகிறவள். பானை, சட்டி, பூந்தொட்டி எதுவும் செய்வதில்லை. இருபது வருடமாக அவளுடைய சூளையிலிருந்து வெளியே வந்தவை மூட முடியாத பெட்டிகள், ஜோடி இல்லாத செருப்புகள் நூற்றுப் பதினாறு, தலை வைத்தால் மண்டை உடையும் தலையணைகள், எங்கேயும் ஏறாத ஒரு மாடிப்படி. கண்காட்சிகளில் வைத்தாள். ஒரு அருங்காட்சியகம் மூன்று தலையணைகளை வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியது. அண்ணன் மட்டும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"இதுல தண்ணி நிக்குமா?"

"நிக்காதுண்ணா."

"அப்ப சரி" என்று கீழே வைத்துவிடுவார். எது சரி என்று அவளுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

அண்ணன் எடை, அளவு ஆய்வாளராக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து, குறைந்தால் கடையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டு வருவது அவர் வேலை. அவரும் அண்ணியும் மாடியில் குடியிருந்தார்கள். அவள் கீழே. வீட்டுக்குப் பின்னால், முன்பு கார் நிறுத்திய கொட்டகையில் அவளுடைய சூளை. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, கிணற்றைத் தவிர.

கிணறு என்று ஒன்று கிடையாது. ஆனால் வீட்டுப் பத்திரத்தில் இருந்தது. பின்புறம், வலது மூலை, "கிணறு ஒன்று" என்று. சரியாகச் சூளை நிற்கிற இடத்தில். பக்கத்து மனையின் கிணற்றை யாரோ ஒரு எழுத்தர் கைமறதியாக இந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டிருக்கிறார். கால் பலம் எடை குறைந்த படிக்கல்லைக் கூட மன்னிக்காத மனிதருக்கு ஒரு முழுக் கிணறு கூடுதலாக இருந்தால் எப்படித் தூக்கம் வரும்? நீக்கச் சொல்லி மனுப் போட்டார். ஆய்வுக்கு ஒருவர் வந்தார். கிணற்றைப் பார்வையிட்ட பிறகுதான் நீக்க முடியும் என்றார்.

"கிணறே இல்லையேங்க" என்றார் அண்ணன்.

"அப்ப நான் எதைப் பாத்துட்டு எழுதறது? கிணத்தைக் காட்டுங்க, உடனே இல்லேன்னு எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இது நடந்து ஆறு வருடம். அன்றிலிருந்து அண்ணன் காலையில் சாப்பிட்டதும் மனுக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவார், மதியம் திரும்புவார். முப்பது வேலை நாள் தொடர்ந்து நேரில் வருகிறவருக்கு மூத்த அலுவலர் கட்டாயம் விசாரணை தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதைத்தான் நம்பியிருந்தார். ஒருமுறை இருபத்திரண்டு நாள் வரை போய்விட்டார். இருபத்து மூன்றாம் நாள் கடைவாய்ப் பல் வீங்கி, பிடுங்கப் போக வேண்டியதாயிற்று. திரும்ப ஒன்றிலிருந்து.

இந்த நிலையில் பதிவு அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. புதுக் கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒரு கலைப்பொருள் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்த வேலை அவளுக்கு வந்தது. காத்திருப்புக் கூடத்தைப் போய்ப் பார்த்தாள். நீளமான இரும்பு இருக்கைகள் ஐந்து வரிசை. எதிரே நான்கு ஜன்னல்கள். வருகிறவர்களைப் பார்த்தாள், உட்கார்ந்தார்கள், கோப்பை மடியில் வைத்தார்கள், அப்புறம் அப்படியே இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்துவிட்டது. மூன்றாவது வரிசை ஓரத்தில், ஆள் அளவில், உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர்.

மாதிரிக்கு வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அண்ணனைப் போல உட்காருகிறவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

"எனக்கு என்ன, உக்காரத்தானே சொல்றே" என்றார் அவர். "எப்படியும் மத்தியானத்துக்கு மேல உக்காந்துதான் இருக்கேன்."

அரைக்கைச் சட்டை, பையில் பேனா, மடியில் கோப்பு. அவர் கொட்டகையில் உட்கார, அவள் நாடா வைத்து உடம்பை அளந்து, ஒவ்வொரு அளவையும் எட்டில் ஒரு பங்கு கூட்டி எழுதிக்கொண்டாள்.

"ஏன் கூட்டறே?"

"மண்ணு காயறப்பவும் வேகறப்பவும் சுருங்கும்ணா. எட்டுல ஒரு பங்கு போயிடும்."

அவர் முகம் மாறியது. "தெரிஞ்சே குறையற சாமானை வெச்சுத் தொழில் பண்றியா?"

"அதான் கூட்டிப் போடறேனே."

"அதைத்தான் நான் பிடிச்ச கடைக்காரன் எல்லாம் சொன்னான்."

சூளை சின்னது என்பதால் உருவத்தை நான்கு துண்டாகச் செய்தாள். தலை, உடம்பு, மடி, கால்கள். உள்ளே வெறும் கூடு; சுவர் ஒரு விரல் தடிமன். அதற்கு மேல் தடித்தால் நெருப்பில் வெடித்துவிடும். முதல் உடம்பு காயும்போது தோளில் விரிசல் விட்டது. உடைத்து ஊறப் போட்டுப் பிசைந்து மறுபடி செய்தாள். மடியிலிருக்கும் கோப்பின் மேல் ஏதாவது எழுதியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியபோது கைக்கெட்டியது அண்ணனின் கோப்புதான். அதிலிருந்த எண்ணையும், "பொருள்: கிணறு நீக்கல்" என்ற வரியையும் ஊசியால் ஈரமண்ணில் அப்படியே கீறினாள். ஈரத்துணி போர்த்தி வாரக்கணக்கில் காய வைத்து, துண்டு துண்டாகச் சுட்டு, சாம்பல் கலந்த பூச்சு ஏற்றி மறுபடி சுட்டு முடிக்க ஒன்பது மாதம் ஆனது.

துண்டுகளை அடுக்கிவிட்டு அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். அண்ணன்தான். புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, யாரோ அடுத்து ஒரு தப்புச் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இவரு பேசமாட்டாருல்ல?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அண்ணன் நாடாவை எடுத்தார். தலையிலிருந்து இருக்கை வரை, இருக்கையிலிருந்து பாதம் வரை.

"ரெண்டு விரக்கடை குறையுது."

"இந்தத் தடவை மண்ணு கொஞ்சம் கூடுதலா சுருங்கிடுச்சு."

"கடையா இருந்தா இன்னிக்கே முத்திரை வெச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நன்றாயிருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்தாள் என்பது அண்ணிக்கு மட்டும் தெரியும்.

உருவத்தைக் கொண்டுபோய் இருக்கையோடு சேர்த்து இரும்புக் கம்பி செருகி, பசை ஊற்றி நிறுத்தினார்கள். திறப்பு விழாவில் தலைமை அலுவலர் பேசினார். எல்லாரும் கைதட்டிக் கலைந்தார்கள். சிக்கல் அன்று மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தது.

புதுக் கூடத்தில் ஒரு கேமரா இருந்தது. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் தலைகளை அது எண்ணும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு டோக்கன் அச்சாகும். எல்லா டோக்கனுக்கும் பதில் சொல்லி முடித்தால்தான் வெளிக்கதவு பூட்டும். ஐந்து மணிக்குக் கூடம் காலி. கதவு பூட்டவில்லை. "காத்திருப்போர்: 1" என்று திரை சொன்னது.

இரண்டாம் ஜன்னல் எழுத்தர் நிதானமான மனிதர். கேமராவை அணைத்துப் போட்டுப் பார்த்தார், உருவத்தின் மேல் துணி போர்த்திப் பார்த்தார். துணி போர்த்தியதும் "காத்திருப்போர்: 1, உடல்நலம் கவனிக்கவும்" என்று வந்தது. வேறு வழியில்லாமல் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். யாரும் எழுந்து வரவில்லை. அவரே எழுந்து போனார். மடியிலிருந்த கோப்பைப் படித்தார். பொருள் இருந்தது, எண் இருந்தது. குறிப்பேட்டில், "மனுதாரர் நேரில் ஆஜர். கூடுதலாகச் சொல்ல எதுவுமில்லை. மறுநாள் வரச் சொல்லப்பட்டது" என்று எழுதிப் பொத்தானை அழுத்தினார். கதவு பூட்டிக்கொண்டது.

மறுநாளும் மனுதாரர் ஆஜர். அதற்கு மறுநாளும். திறப்பு விழாவுக்காகச் செய்த பொருளைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டதால் அசைக்கவும் முடியாது. எழுத்தருக்குப் பழகிவிட்டது. தினமும் கடைசியாக மனுதாரரிடம் போய், "இன்னிக்கும் ஆகலைங்க, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். எதிர்த்து ஒரு வார்த்தை வராதது அவருக்கு இதமாக இருந்தது.

காய்ச்சலில் படுத்துவிட்ட அண்ணன், விழா முடிந்து பத்து நாள் கழித்துத்தான் எழுந்து போனார்.

"கிணறு நீக்கலா?" என்றார் எழுத்தர். "அது ஏற்கெனவே ஒருத்தர் பேருல ஓடிட்டிருக்கே."

"யாரு பேருல?"

எழுத்தர் மூன்றாவது வரிசையைக் காட்டினார்.

"அது நான்தாங்க."

"அப்படின்னா அங்கேயே உக்காருங்க. நடுவுல எந்திரிச்சா நாள் கணக்கு போயிடும்."

"அது மண்ணு. நான் ஆளு."

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "இங்க உயரம் எழுதியிருக்கோம். உக்காருங்க பாக்கலாம்." சுவரோர இருக்கையில் உட்கார வைத்துப் பாதத்திலிருந்து தலை வரை அளந்தார். "நீங்க ரெண்டு விரக்கடை கூட இருக்கீங்க. இந்த ஆளு நீங்க இல்லை."

முப்பத்தைந்து வருடம் மற்றவர்களை அளந்தவரை முதல்முறையாக ஒருவர் அளந்து, தேறவில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"பாத்தியா நீ பண்ணின காரியத்தை? என் மனுவை எடுத்துக்கிட்டு அவன் உக்காந்திருக்கான்."

"சிலைண்ணா அது."

"சிலை மாதிரியா இருக்கான்? பத்து நாளா லீவு போடாம வந்திருக்கான்."

அவள் கை மண்ணில் இருந்தது. சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். "உன்னை மாதிரியே இருக்குன்னு சொல்றியா?"

அண்ணன் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பல்லுவலி வராதில்ல அவனுக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அவர் மண் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார ஆரம்பித்தார். சண்டை போடத்தான் போனார். ஆனால் நாள் ஏற ஏற அவர் கவலை வேறு பக்கம் திரும்பியது. பதினெட்டாம் நாள், துடைக்கிற பெண் தண்ணீர் வாளியை அதன் காலருகே வைத்தபோது, "பாத்தும்மா, தள்ளி வை" என்றார். இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பி, "தாண்டிட்டான்" என்று அண்ணியிடம் சொன்னார். குரலில் பொறாமையும் இருந்தது, பெருமையும் இருந்தது. அண்ணி தட்டை வைத்துவிட்டு, "யாரு, நீங்களா அவரா?" என்று மட்டும் கேட்டாள்.

முப்பதாம் நாளும் வந்தது. விதிப்படி மூத்த அலுவலர் விசாரிக்க வேண்டும். மனுதாரரை அறைக்குள் அழைத்து வர முடியாது என்று எழுத்தர் சொன்னதும், "வயசானவரா?" என்று கேட்டுக்கொண்டு அலுவலரே கூடத்துக்கு வந்தார். நாற்காலியை மண் அண்ணனுக்கு எதிரே இழுத்துப் போட்டார். பின்வரிசையில் அவளும் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். காத்திருந்த மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அலுவலர் உருவத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கோப்பில் முப்பது நாள் ஆஜர் என்று எழுத்தரின் கையெழுத்தோடு இருந்தது. கையெழுத்தை அவர் நம்புகிறவர்.

"உங்க மனையில கிணறு இருக்குன்னு சொல்றீங்களா?"

பதில் இல்லை. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் பொறுத்தார்.

"சொல்லலை. எழுதிக்கங்க. ஆய்வுக்கு வந்தவர் கிணத்தைப் பாத்தாருன்னு சொல்றீங்களா?"

மறுபடி மூன்று நிமிஷம்.

"அதையும் சொல்லலை. எழுதிக்கங்க."

பின்வரிசையில் அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். ஆறு வருடத்தில் அவர் பேசிக் கெடுத்த நாட்கள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

"இவ்வளவு வருஷத்துல" என்றார் அலுவலர், "நான் பேசறப்ப நடுவுல குறுக்கிடாத முதல் ஆள் இவருதான். கிணறு இருக்குன்னு மனுதாரரும் சொல்லலை, நம்ம ஆளும் சொல்லலை. யாரும் சொல்லாத கிணத்தை நாம எதுக்கு வெச்சிருக்கணும்? நீக்கிடுங்க."

அவ்வளவுதான். ஆணை அச்சாகி வந்தது. ஆனால் அதை வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும். மனுதாரரின் கை கோப்பின் மேல் ஒட்டியிருந்தது. அவர் சார்பில் உறவினர் ஒருவர் வாங்கலாம் என்றார் எழுத்தர். அண்ணன் எழுந்து போனார். உயரம் பொருந்தாத ஆளை உறவாக ஏற்க முடியாது என்று எழுத்தர் சொல்லிவிட்டார். அவள் போனாள்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"நான்தான் செஞ்சேன்."

படிவத்தில் தந்தை, தாய், கணவன், மனைவி, காப்பாளர் என்று ஐந்து கட்டம். எழுத்தர் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "செஞ்சவங்கன்னு கட்டம் இல்லைம்மா. எத்தனை நாள் ஆச்சு இவரைச் செய்ய?"

"ஒன்பது மாசம்."

எழுத்தர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. "தாய்" என்ற கட்டத்தில் குறியிட்டுப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடம் காத்திருந்த ஆணை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் அண்ணன் ஆணையை மூன்று தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். பிறகு அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாத்தனார்னுதான் நினைச்சுட்டிருந்தேன். இப்ப மாமியாராவே ஆயிட்டா. இனிமே எழுந்து நின்னுதான் பேசணும் போல."

"வாயை மூடிட்டு வர்றியா" என்றார் அண்ணன்.

"உங்க அம்மா முன்னாடி என்னை இப்படிப் பேசாதீங்க."

அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணனும் கடைசியில் சிரித்தார், ஆனால் இறங்க வேண்டிய இடம் தாண்டிய பிறகுதான்.

கிணறு போனபின் அண்ணனுக்குப் பொழுது போகவில்லை. காலையில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். வாசல் வரை போனதும் போக இடமில்லை என்று ஞாபகம் வரும். இரண்டு வாரம் அப்படியே கழிந்தது. ஒருநாள் எழுத்தரே வீடு தேடி வந்தார். முகம் வாடியிருந்தது. கோப்பு முடிந்துவிட்டது, ஆனால் மனுதாரர் தினமும் வருகிறார். எழுதுவதற்கு விஷயம் இல்லை. விஷயம் இல்லாமல் டோக்கன் முடியாது, டோக்கன் முடியாமல் கதவு பூட்டாது. பத்து நாளாக வாசலில் பெஞ்சு போட்டுக் காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

"அவருக்கு வேற ஏதாவது குறை இருக்குமாங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். "கூடத்துக் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது. அதை எழுதலாமா?"

அண்ணன் எழுதினார். மனுதாரரின் தாய் என்ற முறையில் அவள் கையெழுத்துப் போட்டாள். முப்பது நாள் மண் அண்ணன் தவறாமல் ஆஜராக, விதிப்படி விசாரணை நடந்து கடிகாரம் சரியானது. அடுத்து கூடத்தில் குடிதண்ணீர். அதற்கடுத்து நான்காம் ஜன்னல், கட்டியதிலிருந்து திறக்காமலே கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள். மற்றவர்கள் மனுப் போட்டால் வருடக்கணக்கில் இழுத்தது. மண் அண்ணன் சொல்லாமல் சொன்னது மட்டும் நடந்தது. கூடத்துக்கு வருகிறவர்கள் தங்கள் குறைகளை அதன் காதோடு சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்.

அவளுக்கு அடுத்த வேலை வந்துவிட்டது. ஒரு நூலகத்துக்காகச் சுட்ட மண்ணில் மூடிய குடைகள் நாற்பது. அதில் மும்முரமாகிவிட்டாள். ஆனாலும் மனதில் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருந்தது. அந்த உருவத்தை ஆள் என்று எண்ணினார்கள், மனுதாரர் என்றார்கள், மகன் என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல வேலைப்பாடு என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் நண்பகலில், யாரிடமும் சொல்லாமல், கையைக் கழுவிக்கொண்டு போனாள். கூடம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில், அண்ணன் சாப்பிட எழுந்து போயிருந்த இடத்தில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு பை, காலடியில் ஒரு பை. எங்கிருந்தோ விடிகாலையிலேயே கிளம்பி வந்தவள் போல் இருந்தாள். மண் அண்ணனின் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவை விரிசல் விட்டு, உடைத்துப் பிசைந்து இரண்டாவதாகச் செய்த தோள் அது.

அவள் எதிர்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். டோக்கன் கூப்பிட்டதும் அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்க சார், அசதியில தெரியலை" என்று சொல்லி, தோளில் பட்டிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் மாடிக்கு ஏறிப்போய் அண்ணனிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"எந்தத் தோளு?"

"இடது."

"அதானா" என்றார் அவர், இடது கையைத் தூக்கி மெதுவாகச் சுழற்றியபடி. "மத்தியானத்துல இருந்து ஒரே வலி. என்னடா இதுன்னு பாத்தேன்."

அண்ணி எழுந்துபோய்த் தைலத்தை எடுத்து வந்தாள். அவர் சட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.